பள்ளி விடுமுறைக்கு மலைவீடு: வாசகர் கேள்வி பதில்

விடுமுறை நெருங்கினால் கேமரன் மலையைப் பற்றிக் கேள்விகள் வருவது வழக்கம். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஹோட்டல்களைப் பற்றியவை அல்ல. ரிங்லெட்டைச் சுற்றித் தேயிலைத் தோட்டத்து ஓரங்களில், வீட்டுக்காரரும் அதே கூரையின் கீழ் குடியிருந்துகொண்டு நாலைந்து அறைகளை வாடகைக்கு விடும் பழைய பலகை வீடுகளைப் பற்றியவை. அதிலும் அறையைவிட வீட்டுக்காரரைப் பற்றித்தான் கேள்வி அதிகம். முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டு விவரமாகவே சொல்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஏழு பேர். ரிங்லெட் பக்கம் ஒரு மலைவீட்டில் இரண்டு அறை எடுத்திருக்கிறோம். வீட்டுக்காரப் பெரியவர் கையால் எழுதிய தாள் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ‘ஒருவர் குளிக்கும்போது இன்னொரு குழாயைத் திறக்கக் கூடாது. இரவு 8 மணிக்கு மேல் குளியல் இல்லை. ஹீட்டர் ஓடும்போது கேத்தலுக்கு சுவிட்ச் போடக் கூடாது.’ காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு இப்படியும் சட்டமா? வெறும் கஞ்சத்தனம்தானே? (வாசகர், காப்பார்)

கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வரியும் அந்த வீட்டின் தண்ணீரையும் மின்கம்பியையும் நன்றாகத் தெரிந்தவர் எழுதியவை.

முதலில் தண்ணீர். மேட்டில் தனித்திருக்கும் வீடுகள் பலவற்றில், ஓடையிலிருந்து கறுப்பு பாலி பைப் வழியாகத் தண்ணீரை இறக்கி, வீட்டுக்குப் பின்னால் மேடான இடத்தில் வைத்த டேங்கில் நிரப்பிக்கொள்கிறார்கள். பம்ப் கிடையாது. டேங்க் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். டேங்கின் அடிப்பாகம் ஷவருக்கு மேலே 3 மீட்டர் என்றால் கிடைப்பது 0.3 பார், பைப்பின் வளைவுகளில் அதிலும் கொஞ்சம் போய்விடும். சுவரில் மாட்டியிருக்கும் சிறிய ஹீட்டருக்குள் தண்ணீரின் ஓட்டத்தை உணரும் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது சூடாக்குவதை நிறுத்திவிடும். சமையலறையில் யாராவது அரிசி களையக் குழாயைத் திறந்தால் போதும், குளிப்பவர் தலையில் பச்சைத் தண்ணீர் கொட்டும். முதல் வரிக்குக் காரணம் இதுதான்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ‘ஹீட்டர் சூடாகவில்லை’ என்பதுதான் மலைவீடுகளைப் பற்றி அடிக்கடி வரும் குறை. 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரின் சூட்டை ஏறக்குறைய 17 டிகிரி உயர்த்தும். காப்பாரில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி என்றால் கிடைப்பது 44, நல்ல சூடு. மலையில் தண்ணீரே 18 டிகிரியில் வந்தால் அதே ஹீட்டரில் 35 தான் கிடைக்கும். குளிர்ந்த உடம்புக்கு அது சூடாகவே தெரியாது. சூடு போதவில்லை என்றதும் எல்லாரும் குழாயை இன்னும் திறக்கிறார்கள். அப்படிச் செய்தால் சூடு இன்னும் குறையும். மெல்ல மூடுங்கள். ஓட்டம் 2 லிட்டருக்கு இறங்கினால் 25 டிகிரிக்கு மேல் ஏறும், அதே ஹீட்டரில் 43, 44 கிடைக்கும். ரொம்ப மூடினால் உள்ளிருக்கும் சுவிட்ச் விட்டுவிடும், பெட்டியில் விளக்கு அணையும். அப்போது ஒரு நூல் திறந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்தச் சரியான இடத்தைப் போன அன்றே கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள். ஷவர் தலையின் ஓட்டைகளில் ஓடை மணல் அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான். கையாலேயே திருகிக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் தெளியும்.

எட்டு மணிக் கட்டுப்பாட்டைப் பார்ப்போம். 200 கேலன் டேங்க் என்றால் ஏறக்குறைய 900 லிட்டர். ஓடைப் பைப்பில் நிமிடத்துக்கு 3 லிட்டர் வந்தால் காலி டேங்க் நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு பேர் ராத்திரி பதினொன்று வரை குளித்து டேங்கைக் காலி செய்தால் அது மறுபடி நிரம்ப விடியற்காலை நாலாகிவிடும், அதுவரை கழிவறைக்குத் தண்ணீர் போதாது. மழை நாளில் இன்னும் மோசம். ஓடை செந்நிறமாகக் கலங்கும். சேறு டேங்கில் இறங்காமலிருக்க வீட்டுக்காரர் மேல் வால்வை அடைத்துவிடுவார். பிறகு டேங்கில் இருப்பதுதான் இருப்பு.

கேத்தல் கணக்கு எளிது. 3.6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். கேத்தல் 9. ரைஸ் குக்கர் 3. பழைய வீட்டில் மெயின் ஃபியூஸ் 30 ஆம்பியர்தான் என்றால், இன்னொரு அறை ஹீட்டரும் சேர்ந்தவுடன் வீடே இருண்டுவிடும்.

இந்தத் தாளில் இல்லாத ஒன்றை நீங்கள்தான் கேட்க வேண்டும். ஹீட்டர் லைனுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச்) போட்டிருக்கிறார்களா, அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானைக் கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தார்கள்? போனதும் உங்கள் முன்னாலேயே அழுத்தச் சொல்லுங்கள். பிரேக்கரின் விசை டப்பென்று கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த ஹீட்டரைத் தொடாதீர்கள், அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியில் குளியுங்கள். குழாயைத் தொடும்போது விரலில் ஜிவ்வென்று ஏறினாலும் அப்படியே. ஈரக்கையோடு எதையும் அணைக்கப் போகாமல் வெளியே வந்து மெயின் சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி: போன தடவை தங்கிய வீட்டில் அந்த அம்மா ராத்திரி குளிருக்கு இதமாக அறைக்குள் கரியடுப்பு கொண்டுவந்து வைத்தார். பாசத்தோடு செய்ததை மறுக்க மனம் வரவில்லை. காலையில் எல்லாருக்கும் தலைவலி. மறுபடியும் அங்கேதான் போகிறோம். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

போதாது. அந்தத் தலைவலி குளிரால் வந்ததில்லை அம்மா, பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடால் வந்தது. கரி கனன்று எரியும்போது இந்த வாயு நிறைய வெளியாகும். நிறமில்லை, வாசனையில்லை. புகை போய் கரி சிவந்து தெளிந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் அது கூடுதலாக வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அசதி, தூக்கம். தூங்கியவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். நீங்கள் எல்லாரும் காலையில் எழுந்ததே பெரிய பாக்கியம்.

கரியடுப்பு, விறகுச் சட்டி, கேம்ப்பிங் கேஸ் அடுப்பு எதுவுமே படுக்கையறைக்குள் வேண்டாம். மறுப்பதற்கு அந்த அம்மாவின் மனம் நோகாத வழி ஒன்று உண்டு. ‘ஆன்ட்டி, எங்க பிள்ளைக்குப் புகை ஒத்துக்காது, அடுப்பை வராந்தாவில வைங்க, எல்லாரும் அங்க வந்து உட்கார்ந்து குளிர் காயுறோம்’ என்று சொல்லுங்கள். நான்கு பக்கமும் காற்றாடும் வராந்தாவில் அடுப்பைச் சுற்றி உட்காருவதில் தவறில்லை. படுக்கப் போகும்போது அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.

ரிங்லெட்டில் இரவு 16, 17 டிகிரிதான். தண்ணீர் உறையும் குளிரில்லை. ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வெந்நீர் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிப் படுப்பதற்கு அரை மணிக்கு முன்பே மெத்தைக்குள் வைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், ரப்பர் வெடிக்கும். காலுறை போட்டுக்கொள்ளுங்கள். மேலே இன்னொரு போர்வை சேர்ப்பதைவிட மெத்தையின் மேல் ஒன்றை விரித்துப் படுத்தால் நன்றாகவே வித்தியாசம் தெரியும், ஏனென்றால் மலைவீடுகளில் குளிர் பலகைத் தரையிலிருந்துதான் ஏறுகிறது.

யாருக்காவது மறுபடி அப்படித் தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 999 அழையுங்கள். தைலம் தேய்த்து மறுபடி படுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் இரவு 9 மணிக்குக் கிரில் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கப் போய்விடுகிறார். பழைய தோட்டத்து ஆள், திருட்டுப் பயம் அதிகம். சாவி கேட்டால் கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது? (வாசகர், பந்திங்)

மலைவீட்டுக்காரர்களின் பழக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு நாங்கள் பரிந்து பேசுவோம். இதற்கு மாட்டோம். பலகை வீடு, பழைய வயரிங், சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எல்லாம் இருக்கும் இடத்தில் கிரில்லுக்கு வெளியே வர சாவி உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். தீ பிடித்தால் அவர் இடுப்பைத் தேட நேரமிருக்காது, அவரே புகையில் மயங்கிக் கிடக்கலாம்.

அவரோடு வாதாட வேண்டாம். ‘ஐயா, நீங்களே பூட்டுங்க, நாங்க திறக்க மாட்டோம். ஆனா இன்னொரு சாவியைக் கதவுக்குப் பக்கத்தில உள்பக்கம் ஆணியில மாட்டி வைங்க’ என்று கேளுங்கள். கிரில் இடுக்கு வழியாக வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில் ஆணி இருக்கலாம், ஒரு மீட்டர் தள்ளி. ஆனால் இருட்டில் தடவினால் கிடைக்க வேண்டும். படுக்குமுன் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் திறந்து பாருங்கள். பழைய பூட்டு ஈரத்தில் இறுகியிருக்கும், இரண்டு சொட்டு எண்ணெய் வேண்டியிருக்கும். இதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். முன்பணம் போனாலும் போகட்டும்.

கேள்வி: சமையலறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொன்னதால் இட்லி மாவும் கொண்டைக்கடலையும் கொண்டு போனோம். மாவு புளிக்கவே இல்லை, கடலை வேகவே இல்லை. அந்த வீட்டுப் பாட்டி ‘இந்த ஊர்த் தண்ணிக்கு வேகாது’ என்று சொல்லிவிட்டார். உண்மையா? (வாசகி, கூலிம்)

பாட்டி சொன்னது பாதி சரி. காரணம் தண்ணீர் அல்ல, உயரம். 300 மீட்டர் ஏற ஏற தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். ரிங்லெட் 1,200 மீட்டரை ஒட்டி இருக்கிறது, அங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரிஞ்சாங் 1,500 மீட்டருக்கு மேல், அங்கே 95. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடேறாது, கேஸ்தான் வீணாகும். நாலு டிகிரிதானே என்று தோன்றும், கடலைக்கு அது பெரிய விஷயம். தவிர, குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறினாலும் கடலை கீழே ஊறுகிற மாதிரி ஊறாது.

செய்ய வேண்டியது: கடலையைக் கொதிநீர் ஊற்றி மூடி ஐந்து மணி நேரம் ஊற வையுங்கள். பிரஷர் குக்கரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், மலைவீட்டுக் குக்கரில் வாஷர் பெரும்பாலும் காய்ந்திருக்கும். வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதல். புளி, தக்காளி எதையும் கடலை மசிந்த பிறகே சேருங்கள்; புளிப்பு சேர்ந்தால் தோல் இறுகிவிடும். அவசரம் என்றால் மைசூர்ப் பருப்பு எடுத்துப் போங்கள், அது எந்த உயரத்திலும் கரைந்துவிடும்.

இட்லி மாவு விஷயம் வேறு. கீழே 28, 30 டிகிரியில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, 17 டிகிரியில் ஒரு நாள் முழுக்க ஆனாலும் சோம்பிக் கிடக்கும். மீனை ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டி ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிறைத்த எவர்சில்வர் தூக்கு இரண்டை மூடி வைத்து, பெட்டியை மூடிப் போர்வை சுற்றிவிடுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். காலையில் பொங்கியிருக்கும். வெந்நீருக்குப் பிளாஸ்டிக் மினரல் வாட்டர் பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள், சுருங்கிக் கோணிப் போகும்.

கீழேயே புளிக்க வைத்து எடுத்துப் போவதாக இருந்தால் டப்பாவில் பாதிதான் நிரப்ப வேண்டும், மூடியை இறுக்கக் கூடாது. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், மாவோ உள்ளே வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். முறுக்கு பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். தாப்பா சாலையின் வளைவுகளில் காரின் பின்பெட்டிக்குள் மாவு டப்பா வாய் திறந்தால் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது.

கேள்வி: வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்). ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பதினோரு மணி வரை பேசுகிறார். விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டித் ‘தேயிலைக் காடு பார்க்க வாங்க’ என்கிறார். நல்ல மனுஷன். மனம் நோகாமல் எப்படி ஒதுங்குவது? (வாசகர், சித்தியவான்)

முழுக்க ஒதுங்காதீர்கள், அவரிடம் இருப்பது எந்தச் சுற்றுலா வழிகாட்டியிடமும் கிடைக்காது. ஆனால் நேரத்தை நீங்கள் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் போய் இறங்கிய உடனே. ‘ஐயா, இன்னிக்குப் பிள்ளைங்க களைச்சிட்டாங்க, ஒன்பது மணிக்குப் படுக்கணும். நாளைக்கு சாயங்காலம் தேத்தண்ணி நேரத்தில உங்ககூட உட்கார்றோம்.’ பேச்சு நடுவில் எழுந்தால் அவமதிப்பாகப் படும். முன்கூட்டியே சொன்ன நேரத்துக்கு எழுந்தால் அப்படிப் படாது.

அந்தச் சாயங்காலத்துக்கு நாலு கேள்விகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெரட்டுக் களத்தில் (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) காலையில் என்ன நடக்கும், கொழுந்துக் கூடையை எப்படி எடை போட்டார்கள், கையால் கிள்ளுவது போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்தபோது இலையின் தரம் என்ன ஆனது, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தண்ணீர் எங்கிருந்து வந்தது. போ (BOH) தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. காட்டை அழித்து அந்தச் சரிவுகளில் செடி நட்ட கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். அதன் நினைவு இன்று இப்படிப்பட்ட ஒரு சில பெரியவர்களிடம்தான் வாய்வார்த்தையாகத் தங்கியிருக்கிறது. அவர் சம்மதித்தால் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர் பெயர், தோட்டப் பிரிவின் பெயர், ஆண்டு மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்தால்தான் பின்னால் பயன்படும்.

விடியற்காலைக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் சூரியன் எழுவது 7 மணி வாக்கில், மலை மறைக்கும் சரிவில் இன்னும் தாமதம். ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டில் நின்று நடுங்குவதுதான் மிச்சம். ‘ஆறேகாலுக்குக் கிளம்பலாமா ஐயா’ என்று கேளுங்கள். பனிமூட்டம் வரிவரியாக விலகுவதைப் பார்க்க அது சரியான நேரம். காலுக்குப் பிடிப்புள்ள சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், ஈரச் செம்மண் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள், வயிற்றிலிருப்பதைக் காயத்திலேயே கக்கும். கடிவாய்ப் பக்கம் விரல் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: வீட்டைச் சுற்றி ஏழெட்டு வாத்துகளை வளர்க்கிறார்கள். பெரிய ஜாதி, சீறிக்கொண்டு வந்து என் மகளைக் கடித்துவிட்டது. வீட்டுக்காரரோ ‘அதுங்கதான் எனக்குக் காவல்’ என்கிறார். (வாசகி, தெலுக் இந்தான்)

அவர் சொல்வது சரியே, நாயைவிட நன்றாகக் குரல் கொடுக்கும். ஓடினால் துரத்தும், முதுகைக் காட்டினால் கடிக்கும். நேராக நின்று, கையை விரித்துக்கொண்டு, முகம் அதன் பக்கமே இருக்க மெல்லப் பின்னால் நகரப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தில் இன்னும் மூர்க்கமாக இருக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் பகலில் அடைத்து வைக்கும்படி முன்பதிவின்போதே கேளுங்கள்.

கேள்வி: அறை சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் போர்வையில் பூஞ்சை வாடை. அந்த அம்மா பகலெல்லாம் சன்னலைத் திறந்து போடச் சொல்கிறார், ஈரத்துணியை அறையில் காயப்போட விடுவதில்லை. (வாசகர், ரவாங்)

அவர் சொல்கிறபடி செய்யுங்கள். ஓர் ஆள் ராத்திரி முழுக்க விடும் மூச்சிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் போல வெளியேறுகிறது. நாலு பேர் படுத்த அறையின் கண்ணாடியில் காலையில் வழிவது அதுதான். அதோடு நாலு ஈரத்துண்டும் சேர்ந்தால் சுவரே வியர்க்கும், பூஞ்சை பிடிக்கும். காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, மூன்று மணிக்குப் பனி இறங்குமுன் மூடிவிடுங்கள். துவைத்த துணி அங்கே இரண்டு நாளானாலும் காயாது. ஆளுக்கு மூன்று செட்டும் மெல்லிய துண்டும் கொண்டு போங்கள், ஜீன்ஸ் வேண்டாம். மூச்சு இழுப்பு உள்ளவர் இருந்தால் சொந்தத் தலையணையும் உறையும் எடுத்துப் போவது நல்லது.

கேள்வி: ரிங்லெட்டுக்குக் காரில் போக எது நல்லது, தாப்பா வழியா, சிம்பாங் பூலாய் வழியா? பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். (வாசகர், சிகாமட்)

சிம்பாங் பூலாய் சாலை அகலம், வளைவுகள் இதமானவை. ஆனால் அது கம்போங் ராஜாவில் போய் ஏறும். அங்கிருந்து ரிங்லெட்டுக்கு வர கியா ஃபார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா மூன்றையும் கடக்க வேண்டும். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் அந்தத் துண்டே மணிக்கணக்கில் நிற்கும். தாப்பா சாலை குறுகலும் வளைவும்தான், என்றாலும் முதலில் வருவதே ரிங்லெட். உங்களுக்கு அதுவே சரி.

தாப்பாவில் எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெறும் வயிற்றிலும் ஏற்ற வேண்டாம், நாசி லெமாக் சாப்பிட்ட கையோடும் ஏற்ற வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் உப்பு பிஸ்கட் போதும். கைபேசியைப் பிடுங்கிவிட்டு முன்னால் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்திப் பத்து நிமிடம் காற்று வாங்கலாம். இறங்கும்போது ஆட்டோ கியரை ‘டி’யில் விட்டு பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வராதீர்கள், ‘2’ அல்லது ‘எல்’லுக்கு மாற்றி எஞ்சின் பிடிக்க விடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மழையும் மூட்டமும் சேர்ந்துகொள்ளும். அதற்குள் ஏறிவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

கேள்வி: ஆற்றோரம் ஒரு மலிவான வீடு கிடைக்கிறது. எடுக்கலாமா? (வாசகர், கோலா சிலாங்கூர்)

எந்த ஆறு, அணைக்கு மேலேயா கீழேயா என்று கேளுங்கள். ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை இருக்கிறது. மேட்டு நிலங்களில் இருந்து வரும் மண் படிந்து படிந்து அதன் ஏரி தண்ணீர் பிடிக்கும் அளவு குறைந்து போயிருக்கிறது. 2013 அக்டோபரில் கனமழை இரவில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் (Bertam Valley) வீடுகள் மூழ்கின, உயிர்களும் போயின. அணைக்குக் கீழே ஆற்றங்கரையை ஒட்டிய வீடு என்றால், அக்டோபர், நவம்பர் மழை மாதங்களில் வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களில் எடுத்தாலும் அபாயச் சங்கு ஊதினால் எந்தப் பக்கம் மேட்டுக்கு ஏறுவது என்பதைப் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய செங்குத்து மண்சரிவின் அடியில் ஒட்டிக் கட்டிய அறையும் வேண்டாம். சரிவில் புதிதாக விரிசலோ, சாய்ந்த மரமோ, தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்கலாக வருவதோ தெரிந்தால் ராத்திரியானாலும் வெளியேறுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறோம். என் மாமனார் கூடவே இருப்பார். அவர் சுபாவம் கொஞ்சம் கறார், அசைவம் சமைக்க விட மாட்டார், வெள்ளிக்கிழமை வீட்டில் பூசை. வருகிறவர்கள் சண்டை போடாமலிருக்க என்ன செய்ய வேண்டும்? (வாசகி, ரிங்லெட்)

முதலில் மாவட்ட மன்றத்தில் உரிமம் பற்றி விசாரித்து வாருங்கள் அம்மா, பிறகு மற்றது.

மாமனாரை மாற்ற முயல வேண்டாம். அவரைப் பற்றி வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சண்டை வருவது விதியால் அல்ல, பணம் கட்டிப் பெட்டியை இறக்கிய பிறகு விதியைக் கேட்பதால். அறையின் படத்தோடு போகும் முதல் செய்தியிலேயே இது இருக்கட்டும்: ‘சைவச் சமையல் மட்டும். வெளியில் வாங்கிய அசைவத்தைப் பின்பக்கக் கொட்டகையில் சாப்பிடலாம், தட்டு தனியாக உண்டு. வெள்ளி மாலை 6.30 முதல் 7.30 வரை பூசை, மணிச் சத்தம் இருக்கும். எங்கள் மாமனாருக்கு 78 வயது, வீட்டில்தான் இருப்பார்.’ நெத்திலி, கருவாடு இரண்டையும் பெயர் சொல்லியே எழுதுங்கள். பலர் அவற்றை அசைவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து வீட்டைப் பற்றிய உண்மைகள், எண்ணோடு. கார் நிற்குமிடத்திலிருந்து எத்தனை படி. தாழ்வான கார் செம்மண் மேட்டில் ஏறுமா. கழிவறை அறைக்குள்ளா வெளியிலா, குந்தும் வகையா உட்காரும் வகையா. எந்த நிறுவனத்தின் கைபேசிச் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும். சிக்னல் இல்லையென்றால் கைபேசியில் பணம் கட்ட முடியாது, ரொக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். படி 43 என்றால் 43 என்றே எழுதுங்கள். ‘சில படிகள்’ என்று எழுதினால் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி மழையில் அங்கே வந்து நிற்பார்.

விதிகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் போடுங்கள். ‘இரவு 8க்கு மேல் குளிக்கக் கூடாது’ என்று மட்டும் இருந்தால் கோபம் வரும். ‘டேங்க் நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும், காலையில் எல்லாருக்கும் தண்ணீர் வேண்டும்’ என்று சேர்த்தால் பிள்ளைகள்கூட ஒத்துழைப்பார்கள். காரணம் எழுத முடியாத விதி எதுவும் இருந்தால் மாமனாரிடம் பேசி அதை எடுத்துவிடுங்கள். எட்டு வரிக்கு மேல் போக வேண்டாம், பெரிய எழுத்தில், தமிழிலும் மலாயிலும், குளியலறைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் ஈரத்தில் ஒரு வாரத்தில் கழன்று விழும். சாவி ஆணி, கசிவு பிரேக்கர், தீயணைப்பான் மூன்றும் எங்கே இருக்கின்றன என்பது அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும்.